மூட்டுவலி உள்ள அம்மாவைக் கொடைக்கானல் கூட்டிப்போக எந்த மாதம் சரி?

அம்மாவுக்கு 68 வயது, மூட்டுவலி, இழுப்பும் உண்டு, மே லீவில் மதுரையிலிருந்து காரில் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மே மட்டும் வேண்டாம். பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் அள்ளும், வெள்ளி அருவிப் பக்கம் வண்டி நகராமல் நிற்கும், காலை மடக்கியே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அந்த வலி தெரியும். என் அம்மாவை ஒருமுறை அப்படித் தவிக்க விட்டேன், இன்னும் மனசு ஆறவில்லை. அக்டோபர், நவம்பரில் அடைமழை, மலைப்பாதையில் மண் சரியும். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலைப் புல்லில் உறைபனி உப்பைத் தூவினாற்போல் கிடக்கும், பார்க்க அழகுதான், ஆனால் இழுப்புக்கு ஆகாது.

பிப்ரவரி கடைசியில் போங்கள், அதுவும் வார நாளில். பகலில் இதமான வெயில், ஏரிக்கரையில் அம்மா நிதானமாக உட்கார இடம் கிடைக்கும். 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயமாகிவிட்டது, முன்பே எடுத்துவிடுங்கள். மேலே சுமார் 7,000 அடி உயரம், அதனால் மலை ஏறுவதற்கு முன்பே வத்தலக்குண்டில் டீக்கு நிறுத்தி அவரைக் கொஞ்சம் நடக்க விடுங்கள். அப்புறம், இன்ஹேலர் டிக்கியில் இருக்கும் பெட்டிக்குள் போய்விடக் கூடாது, அம்மாவின் கைப்பையிலேயே இருக்கட்டும்.

குறிஞ்சி பார்க்க அவருக்கு ஆசை என்று எழுதியிருந்தீர்களே, 2018இல் பூத்தது, இனி 2030தான்.