கொள்ளைநோய்க் காலத்தில் யூதர்கள் பிரார்த்தனையை மட்டுமே நம்பினார்களா?

"மதப்பற்று மிகுந்த சமூகம், நோய் வந்தால் ஜெப ஆலயத்தில் கூடி அழுதிருப்பார்கள், அவ்வளவுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கொரோனா ஊரடங்கில் பொழுது போகாமல் படித்துக்கொண்டிருந்தபோது 1831-ல் எழுதப்பட்ட ஒரு கடிதம் கண்ணில் பட்டது. அதோடு அந்த நினைப்பு போயிற்று.

எழுதியவர் ரபி (யூத மதகுரு) அகீவா ஏகர். அன்று பிரஷ்ய ஆட்சியில் இருந்த போசன் நகரின் (இன்றைய போலந்தின் போஸ்னான்) தலைமை ரபி. காலரா பரவிக்கொண்டிருந்தது. வேறோர் ஊர் ரபிக்கு அவர் சொன்ன யோசனை இது: சின்ன இடத்தில் நெருக்கியடித்துத் தொழ வேண்டாம். பதினைந்து பதினைந்து பேராக உள்ளே விடுங்கள். பொழுது விடியும்போதே முதல் குழு தொடங்கட்டும், அவர்கள் முடித்த பிறகு அடுத்த குழு. கணக்குக்கு மேல் யாரும் முண்டியடித்து நுழையாமலிருக்க வாசலில் போலீஸ்காரரை நிறுத்துங்கள்.

கூட்டுத் தொழுகைக்குக் குறைந்தது பத்து ஆண்கள் வேண்டும் என்பது அவர்கள் மரபு. முறையும் கெடக்கூடாது, கூட்டமும் சேரக்கூடாது என்று பார்த்துப் போட்ட கணக்காகத்தான் அந்தப் பதினைந்து எனக்குத் தெரிகிறது. வெள்ளரிக்காய் தின்னாதீர்கள், குளிர் படாமல் இருங்கள், வெறும் வயிற்றோடு வெளியே போகாதீர்கள் என்றும் எழுதினார். சிரிப்பு வரலாம். ஆனால் காலராக் கிருமியை ராபர்ட் கோக் இனம்காண இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. கெட்ட தண்ணீரில் கழுவிய பச்சைக் காயைத் தவிர்க்கச் சொன்னது அப்படியொன்றும் அசட்டுத்தனமல்ல. பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியமிடமிருந்து அவருக்குப் பாராட்டுக் கடிதமே வந்தது.

இதெல்லாம் அவர் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. ஊரில் கொள்ளைநோய் என்றால் காலை வெளியே வைக்காதே என்கிறது யூதர்களின் பழைய சட்ட நூலான தால்முத். அந்த நாட்களில் ராவா என்ற அறிஞர் ஜன்னல்களையும் அடைத்துவிடுவாராம். நோய் தொடங்கும்போதே ஊரை விட்டுப் போய்விடு என்பது பிற்கால அறிஞர்கள் சொன்னது. 1556-ல் போலந்தின் கிராக்கோ நகர ரபி மோசே இசர்லெஸ் அப்படித்தான் வேறு ஊருக்குப் போனார். போக்கிடம் இல்லாத ஏழைகள் என்ன செய்வார்கள் என்று கேட்காதீர்கள், இருந்த இடத்தில்தான் இருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது 'பிக்குவாஹ் நெஃபெஷ்', அதாவது உயிரைக் காப்பதற்காக ஏறக்குறைய எந்தக் கட்டளையையும் மீறலாம் என்ற சட்டம். 1848-ல் வில்னாவில் (இன்றைய லித்துவேனியாவின் வில்னியஸ்) காலரா. ஆண்டிலேயே கடுமையான உபவாச நாளான யோம் கிப்பூரில் சாப்பிடலாம் என்று ரபி இஸ்ரேல் சலாந்தர் அனுமதித்தார். ஜனங்கள் தயங்கியதால் அவரே மேடையேறி எல்லாரும் பார்க்கச் சாப்பிட்டுக் காட்டினார் என்றும் ஒரு கதை உண்டு. சொல்பவருக்குச் சொல்பவர் அது மாறும்.

இத்தனையும் படித்துவிட்டு அவர்களை நம் காலத்துப் பகுத்தறிவாளர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கிழக்கு ஐரோப்பாவில் 'கறுப்புக் கல்யாணம்' என்று ஒரு வழக்கம் இருந்தது. ஓர் ஏழைப் பையனுக்கும் ஓர் அனாதைப் பெண்ணுக்கும் ஊரார் செலவில் கல்லறைத் தோட்டத்திலேயே திருமணம் செய்துவைத்தால் நோய் நீங்கும் என்பது நம்பிக்கை. குடியேறியவர்களோடு அது கடல் கடந்தும் போனது. 1918-ல் இன்ஃப்ளூயன்சாவின்போது பிலடெல்பியாவிலும் கனடாவின் வின்னிபெக்கிலும் அப்படிக் கல்யாணங்கள் நடந்தன. கல்லறைகளுக்கு நடுவே நல்ல கூட்டம். வாசலில் ஆளை எண்ணி உள்ளே விட அங்கே யாரும் இல்லை.