வேகவைக்காதீர்கள், சுட்டெடுங்கள்

கேள்வி: நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் அமெரிக்கப் பெண். சென்ற நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றித் திருநாள் விருந்துக்குச் சம்பந்தி வீட்டார் வந்தபோது, சர்க்கரைவள்ளிக் கிழங்கு கேசரோல் (மசித்த கிழங்கை மேற்பூச்சோடு ஓவனில் வைத்துச் செய்யும் பதார்த்தம்) செய்யும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கிழங்கைக் குக்கரில் வேகவைத்து மசித்துச் செய்ததில், நீர் கசிந்து களிபோல் ஆகிவிட்டது, இனிப்பும் திகட்டியது. எங்கள் பக்கத்தில் சைவம் உண்பவர்களும் உண்டு. இந்த ஆண்டாவது நன்றாக அமைய வழி சொல்லுங்கள்.
– வாசகி ஒருவர்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை, குக்கர்தான் காரணம். சர்க்கரைவள்ளிக் கிழங்கில் இயல்பாகவே உள்ள ஒரு நொதி, கிழங்கின் உட்பகுதி ஏறத்தாழ 60 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது. குக்கரின் நீராவியில் கிழங்கு அந்த வெப்பநிலையை விரைவாகத் தாண்டிவிடுவதால் நொதிக்கு வேலை செய்ய நேரம் கிடைப்பதில்லை. கிழங்கு நீரையும் இழுத்துக்கொள்கிறது. இனிப்பு போதவில்லையே என்று நாம் சர்க்கரையை அள்ளிப் போடுவதும் அதனால்தான்.

ஆகவே ஒன்றரைக் கிலோ கிழங்கைத் தோலோடு கழுவித் துடைத்து, முள்கரண்டியால் ஆங்காங்கே குத்தி, தட்டில் பரப்பி, 400 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் ஒரு மணி நேரமாவது ஓவனில் சுடுங்கள். குத்திய இடங்களில் பாகு முத்து முத்தாகக் கசிந்து, தட்டில் சொட்டிக் கருகத் தொடங்கும், அதுதான் பதம். ஆறியதும் தோல் சட்டை கழல்வதுபோல் கழன்றுவிடும்.

கடையில் 'யாம்' என்று எழுதியிருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். 1930களில் லூசியானா விவசாயிகள் தங்கள் ஆரஞ்சு நிறக் கிழங்கைத் தனித்துக் காட்ட வைத்த பெயர் அது; உண்மையான யாம் நம் ஊர்ப் பெருவள்ளியின் இனம். உங்களுக்கு வேண்டியது அந்த ஆரஞ்சு நிறக் கிழங்கே. நாம் பழகிய வெள்ளைச் சதைக் கிழங்கு இதற்கு வறட்சியாக இருக்கும்.

மசித்த கிழங்கில் 60 கிராம் வெண்ணெய், அரைக் கப் பால், இரண்டு மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, சிறிது பட்டைத்தூளும் ஜாதிக்காய்த்தூளும் சேர்த்தால் போதும். உப்பைக் குறைத்துவிடாதீர்கள், திகட்டலைத் தடுப்பது அதுதான். அமெரிக்க வீடுகளில் இரண்டு முட்டையும் சேர்ப்பார்கள். சுட்ட கிழங்கு தானே கெட்டியாக இருப்பதால், முட்டையை விட்டுவிட்டாலும் பதம் கெடாது.

மேற்பூச்சில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சுபோன்ற மிட்டாயை மேலே பரப்பும் வழக்கம், 1917ஆம் ஆண்டில் ஒரு மார்ஷ்மெல்லோ நிறுவனம் வெளியிட்ட சமையல் கையேட்டிலிருந்து பரவியது. மருமகளின் வீட்டாருக்கு அது சிறுவயது நினைவாகவும் இருக்கலாம். ஆனால் வழக்கமான மார்ஷ்மெல்லோவில் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் இருப்பதால், சைவம் உண்பவர்களுக்கு அதைச் சொல்லாமல் பரிமாறுவது பெரும் தவறாகிவிடும். இரண்டு பாத்திரங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றில், கடைசிப் பத்து நிமிடங்களில் மட்டும் மார்ஷ்மெல்லோவைப் பரப்புங்கள். மற்றதற்கு, அரைக் கப் மைதா, கால் கப் நாட்டுச் சர்க்கரை, 60 கிராம் குளிர்ந்த வெண்ணெய் ஆகியவற்றைப் புட்டுக்கு மாவு பிசறுவதுபோல் விரல் நுனியால் உதிர்த்து, வால்நட் போன்ற பீக்கன் பருப்பை ஒரு கப் எடுத்து ஒன்றிரண்டாக நறுக்கிக் கலந்து தூவுங்கள். எனக்குப் பிடித்தது இந்த மொறுமொறுப்புத்தான்.

விருந்தன்று ஓவனை வான்கோழி பிடித்துக்கொள்ளும். எனவே முதல் நாளே மசித்து, மேற்பூச்சைத் தனியே வைத்து, இரண்டையும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். கண்ணாடிப் பாத்திரமானால் ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். சில்லென்று ஓவனுக்குள் போனால் விரிசல் விடும். வான்கோழியை வெளியே எடுத்து, அறுப்பதற்கு முன் அரை மணி நேரம் ஆறவிடுவார்கள். அந்த நேரத்தில் பீக்கன் தூவிய பாத்திரத்தையும் மார்ஷ்மெல்லோவுக்கான பாத்திரத்தையும் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றிய ஓவனில் வைத்தால், எல்லோரும் உட்காரும்போது ஓரங்களில் கொப்புளித்தபடி சூடாக மேசைக்கு வரும்.