வரலாற்றுப் படத்தைப் படமாக மட்டும் பார்த்தால் என்ன?

கேள்வி: "வரலாற்றுப் படம் வந்தாலே 'இது தப்பு, அது பொய்' என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். பொழுதுபோக்குக்குத்தானே பார்க்கிறோம்?"

கதைக்காகக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றுவதில் எனக்கும் வருத்தம் கிடையாது. ஆனால் ஒரு கூட்டத்தையே காட்டாமல் விட்டால், அப்படி ஒரு கூட்டம் இருந்ததே பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் போய்விடும். மலேசியாவில், பினாங்கில் இருக்கும் எனக்கு இது குடும்ப விஷயம்.

இரண்டாம் உலகப் போரின்போது சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பான்காரர்கள் போட வைத்த ரயில் பாதைதான் சயாம் மரண ரயில். அதன் பெயரைச் சொன்னதும் வெளிநாட்டுக்காரர்களுக்கு நினைவு வருவது 1957-இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. ஏழு ஆஸ்கார் வாங்கிய படம், இன்றும் அலுக்காது. காட்டுக்குள் பிரிட்டிஷ் போர்க்கைதிகள் மரப்பாலம் கட்டுகிறார்கள், கடைசியில் அதற்கு வெடி வைக்கிறார்கள். நிஜத்தில் அப்படி யாரும் வெடி வைக்கவில்லை. நேச நாட்டு விமானங்கள்தான் பின்னால் குண்டு போட்டன. பழுதுபார்த்த இரும்புப் பாலம் இன்றும் காஞ்சனபுரியில் நிற்கிறது. அந்த ஆற்றுக்கு அப்போது மே குளோங் என்று பெயர். படம் பார்த்துவிட்டு 'குவாய்' ஆற்றைத் தேடி வந்தவர்களுக்காக, 1960-களில் ஆற்றின் அந்தப் பகுதிக்குப் பெயரையே மாற்றினார்கள். சரி, இதெல்லாம் போகட்டும்.

விட முடியாதது வேறு. 1942-43-இல் அந்த 415 கிலோமீட்டர் பாதையைப் போட்ட நேச நாட்டுக் கைதிகள் சுமார் 60,000 பேர். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைப் போல் மூன்று மடங்காவது இருப்பார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். கைதிகளில் 12,000-க்கு மேல் இறந்தார்கள். தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 அளவில் இருக்கலாம் என்கிறார்கள். கைதிகள் முகாமில் ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்ல ஆள் இருந்தது. தோட்டத்துச் சனங்களுக்கு அதுகூட இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்.

என் பாட்டியின் அண்ணன் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து போனவர். நல்ல சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் ஆள் சேர்த்தார்கள். அவர் திரும்பவில்லை. எப்போது, எங்கே இறந்தார் என்று தெரியாது, அதனால் திதியும் கிடையாது. பாட்டி இருந்தவரை ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் வாழையிலையில் சோறு, அவித்த மரவள்ளிக்கிழங்கு, ஓரமாக ஒரு சுருட்டு வைத்துப் படைப்பார். வைத்துக் கும்பிட ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்திருக்கிறார்கள். அப்படிப் பெயர் போட்ட ஒரு கல் எங்கள் தாத்தாவுக்குக் கிடையாது.

படத்தில் வரும் கர்னல் ஜப்பான்காரனுக்குப் பெருமையோடு பாலம் கட்டித் தருகிறார். அங்கே உண்மையில் மூத்த அதிகாரியாக இருந்த பிலிப் டூசி அப்படிப்பட்டவர் இல்லை என்று அவரோடு இருந்த கைதிகள் எதிர்த்துப் பேசினார்கள், எழுதினார்கள். இன்று அந்தத் தவறு பலருக்கும் தெரியும். பேச ஆள் இருந்தால் படம் சொன்ன பொய்யைக்கூடத் திருத்திவிடலாம். எங்கள் ஆட்களோ பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். திரும்பி வந்தவர்களும் லயத்துக்குள்ளேயே, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குள்ளேயே, பேசி முடித்துவிட்டார்கள். அவர்கள் படத்தில் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டக்கூட அன்று ஆளில்லை. 'பொழுதுபோக்குத்தானே' என்ற பேச்சை என்னால் ஏற்க முடியாததற்கு இதுதான் காரணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கொட்டகைக்கு வரவழைத்து, கதவைப் பூட்டி, ஆண்களை அப்படியே ரயிலேற்றிய சம்பவங்களும் அந்தக் கால நினைவுக் குறிப்புகளில் உண்டு. ஆசையாகப் படம் பார்க்கப் போன சனங்கள் அவர்கள்.

அதனால் தாராளமாகப் படம் பாருங்கள், ரசியுங்கள். அப்புறம், நீங்களும் மலேசியர் என்றால், வீட்டில் எண்பதைத் தாண்டியவர்கள் யாராவது இருந்தால் "சயாமுக்கு நம்ம ஆளுங்க யாரும் போனாங்களா?" என்று கேளுங்கள். எந்தத் தோட்டம், பெயர் என்ன, யாரோடு போனார், திரும்பி வந்தவர் என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்துவிடுங்கள். அவர்களுக்கும் வயதாகிறது, அடுத்த விடுமுறை வரை தள்ளிப்போட வேண்டாம்.