“இனி செய்வதற்கு ஒன்றுமில்லை” என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகு

கேள்வி: சிறிய ஆரம்ப சுகாதார நிலையம், நான் ஒருவர்தான் டாக்டர். மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிய 58 வயது அம்மா ஒருவரை, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பெரிய மருத்துவமனையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். டிராமடோலும் டைக்ளோஃபெனாக்கும் தருகிறேன். ஆனாலும் ராத்திரி வலியில் கத்துகிறார். மார்பில் புண், வாடையால் யாரும் பக்கத்தில் உட்காருவதில்லை. மார்ஃபின் மாத்திரை பெற வழி இருக்கிறது, ஆனால் நான் கொடுத்துப் பழகியதில்லை. மூச்சு நின்றுவிடுமோ என்று பயம். என்ன நோய் என்று அம்மாவிடம் சொல்லவே கூடாது என்கிறார் மகன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வலியிலிருந்து தொடங்குங்கள், டாக்டர். வலியில் துடிக்கிறவரிடம் வேறு எதையும் பேச முடியாது.

முதலில் உங்கள் சீட்டைப் பாருங்கள். ‘வலி வந்தால் போடவும்’ என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிடுங்கள். தொடர்ந்து இருக்கும் வலிக்குக் கடிகாரம் பார்த்துத்தான் மருந்து தர வேண்டும். டிராமடோலை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் மார்ஃபின் 5 மில்லிகிராம், வாய்வழி, 4 மணி நேரத்துக்கு ஒரு முறை. ரொம்பத் தளர்ந்தவர் என்றால் 2.5 மில்லிகிராம் போதும். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் அதே 2.5ஐ 6 அல்லது 8 மணி நேர இடைவெளியில் கொடுங்கள். இல்லையென்றால் மார்ஃபினின் கழிவுப்பொருள் உடலில் தேங்கி மயக்கத்தையும் உடல் வெட்டுவதையும் உண்டாக்கும். எலும்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் நன்றாகவே உதவும். சிறுநீரகமும் வயிறும் இடம் கொடுத்தால் தொடருங்கள், பாராசிட்டமாலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இடையில் வலி வந்தால் இன்னொரு 5 மில்லிகிராம். அதைக் கொடுத்ததற்காக அடுத்த வேளை மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம். மறுநாள் கணக்குப் பாருங்கள்: ஆறு வேளைக்கு 30, இடையில் மூன்று முறைக்கு 15, மொத்தம் 45. அதை ஆறால் வகுத்தால் வேளைக்கு 7.5 மில்லிகிராம். இப்படி வலி அடங்கும் வரை படிப்படியாக ஏற்றலாம். இரவு 10 மணி வேளையை இரட்டிப்பாகக் கொடுத்தால் நடுராத்திரி எழுப்ப வேண்டியிருக்காது. வீட்டில் தூக்கம் அவருக்கு மட்டும் போகவில்லை, மகனுக்கும் போயிருக்கிறது.

சரி, மூச்சு நின்றுவிடுமா? வலிக்கு ஏற்ற அளவில் வாய்வழியாகத் தொடங்கி மெல்ல ஏற்றினால், அப்படி ஆவது மிக அரிது. மூச்சு குறைவதற்கு முன்னால் தூக்கம் கூடும். அதுதான் எச்சரிக்கை மணி. முதல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் அசதி இருக்கும், பிறகு தெளிந்துவிடும். தட்டி எழுப்பினாலும் கண் திறக்கவில்லை என்றால் அந்த வேளையைக் கொடுக்காமல் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். அடிமையாகிவிடுவார் என்ற பயமும் இங்கே பொருந்தாது. உடல் மருந்துக்குப் பழகும் என்பதால் திடீரென்று நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2017 அறிக்கைப்படி, அப்போது ஆண்டுக்கு உலகம் முழுக்க விநியோகமான மார்ஃபின் வகை வலிமருந்து ஏறக்குறைய 298.5 டன், அதில் ஏழை நாடுகளுக்குப் போனது 0.1 டன்தான். உகாண்டாவோ மார்ஃபின் பொடியைத் தண்ணீரில் கரைத்துப் புட்டிகளில் அடைத்துக் கொடுக்கிறது. 2004 முதல் அங்கே பயிற்சி பெற்ற நர்ஸ்களே சட்டப்படி மார்ஃபின் எழுதித் தருகிறார்கள். ஆகவே டாக்டரான நீங்கள் தயங்க வேண்டியதில்லை. உங்கள் நாட்டுச் சட்டம் கேட்கும் பதிவேட்டை மட்டும் ஒழுங்காக வைத்திருங்கள்.

மார்ஃபினின் உண்மையான தொல்லை மலச்சிக்கல். மற்ற பக்கவிளைவுகள் பழகிப்போகும், இது போகாது. முதல் நாளிலிருந்தே இரவில் பிசாகோடில் அல்லது சென்னா என்ற மலமிளக்கி கொடுங்கள். இதை மறந்தால் ஒரு வாரத்தில் அம்மாவே மார்ஃபின் வேண்டாம் என்பார், தப்பு மருந்தின் மேல் விழும். குமட்டலுக்கு முதல் சில நாள் மெட்டோகுளோபிரமைடு 10 மில்லிகிராம், மூன்று வேளை.

புண்ணுக்குப் பெரிய செலவில்லை. கொதிக்க வைத்து ஆறிய உப்புத் தண்ணீரால் கழுவி, கிருமியைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையை நைசாகப் பொடித்துத் தூவி மூடுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காமல் நனைத்து எடுக்க வேண்டும். கட்டு மாற்றுவதற்கு அரை மணி முன்னால் ஒரு மார்ஃபின் வேளை. சில நாளில் வாடை குறையும். வாடை குறைந்தால் பக்கத்தில் உட்கார ஆளும் வரும்.

ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். முதுகுவலி புதிதாகக் கூடி, கால் பலம் குறைந்தாலோ சிறுநீர் போகாமல் நின்றாலோ, கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். டெக்ஸாமெத்தசோன் 16 மில்லிகிராம் கொடுத்து அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். நாள் கடந்தால் கால் திரும்பாது. சாதாரண எலும்பு வலிக்கும் ஒரே தடவை கொடுக்கும் 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு, பல நாள் கொடுப்பதற்கு நிகராக வலியைக் குறைக்கும். அந்த ஒரு பயணத்துக்கு வழியிருந்தால் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் மகன். அவரோடு வாதாட வேண்டாம், அம்மா மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். “அவருக்கு என்ன தெரியும் என்று முதலில் நானே கேட்டுப் பார்க்கிறேன், கேட்காததை நானாகச் சொல்ல மாட்டேன்” என்று ஒப்புதல் வாங்குங்கள். வலி அடங்கிய ஒரு நாளில் அம்மாவிடம், “உங்களுக்கு என்ன ஆகியிருப்பதாக நினைக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். மகன் உடைந்துபோவானே என்று அவரும் மறைத்துக்கொண்டிருப்பார். எனக்கு இந்தக் காட்சி பழகிப்போனது.

கடைசி நாட்களில் விழுங்க முடியாமல் போகும். ஊசி வழி மார்ஃபின் கிடைத்தால், வாய்வழி அளவில் பாதியோ மூன்றில் ஒன்றோ தோலுக்கடியில் போதும். தொண்டையில் சளி கறகறத்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொல்லுங்கள், வாயை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருக்கட்டும். அந்தச் சத்தம் அவரை வருத்துவதைவிட கேட்கிறவர்களைத்தான் அதிகம் வருத்தும் என்பதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் போன பிறகு மிச்ச மாத்திரைகளை எண்ணித் திரும்ப வாங்க நீங்களே போங்கள். அப்படியே மகனுடன் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.