ஓடாமல் நிற்கும் காரில் பேட்டரி ஏன் தேய்கிறது?

“புது கார், அதிகம் ஓட்டுவதே இல்லை, பேட்டரி எப்படிப் போகும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்பதுதான் பிரச்சினையே. பூட்டிய பிறகும் அலாரம், ரிமோட் லாக், ஈசியூ (காரின் கட்டுப்பாட்டுக் கணினி) எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் இழுக்கும். 50 மில்லி ஆம்பியர் என்றாலும் நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றே வாரத்தில் பாதிக்கு மேல் காலி!

சார்ஜ் குறைந்தே கிடந்தால் ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகிவிடும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் முழுதாகக் கரையாது. போன கொள்ளளவு போனதுதான். பக்கத்துக் கடைவரை ஓட்டுவதால் இழந்தது ஏறாது. வெயில் இன்னும் கெடுக்கும்.

ஸ்டார்ட்-ஸ்டாப் (சிக்னலில் நின்றால் இன்ஜின் தானே அணைந்து, கிளம்பும்போது தானே ஸ்டார்ட் ஆகும் வசதி) உள்ள காருக்கு, அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் ஏஜிஎம் அல்லது ஈஎஃப்பி வகை பேட்டரிதான் போட வேண்டும். விலை குறைவென்று சாதா பேட்டரியைத் தயவுசெய்து மாட்டாதீர்கள். இரவு முழுக்க நின்ற காரில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: 12.6 வோல்ட் நல்லது, 12.4க்குக் கீழென்றால் சார்ஜர் போடுங்கள்.