செங்கல் சுவருக்கு ஸ்கிம் கோட் கொடுத்துவிட்டார்கள், என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் அண்ணே. சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் இருக்கிறோம். பின்னால் சமையலறையை நீட்டிக் கட்டினோம், செங்கல் சுவர் எழுப்பியதோடு காசு தீர்ந்துவிட்டது. வீட்டுக்காரருக்கு எண்ணெய்ப்பனை ஆலையில் ஷிப்டு வேலை, ஓய்வு நாளில் நாமே பூசிக்கொள்ளலாம் என்கிறார். இருவருக்கும் பழக்கமில்லை. ஹார்ட்வேர் கடையில் "செங்கல் சுவர், உள்பக்கம் பூசணும்" என்று சொல்லித்தான் கேட்டோம், எட்டு மூட்டை ஸ்கிம் கோட் கொடுத்து "தண்ணி கலந்தா போதும்" என்றார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் அது செங்கலுக்கு ஆகாது என்கிறார். கடையிலோ விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது என்று பலகை தொங்குகிறது. இன்னும் மூட்டையைப் பிரிக்கவில்லை.

பதில்: பிரிக்காமல் வைத்திருப்பது நல்லதாகப் போயிற்று, தங்கச்சி. பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதுதான் சரி. ஸ்கிம் கோட் என்பது ஏற்கெனவே பூசிய சுவரின் மேல் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் கனத்தில் இழுத்து வழவழப்பாக்குகிற கடைசிப் பூச்சு. செங்கல் சுவரில் கல்லுக்குக் கல் மேடு பள்ளம் இருக்கும், அதை மூட 12 முதல் 15 மில்லிமீட்டர் வேண்டும். அத்தனை கனத்துக்கு ஸ்கிம் கோட்டை அப்பினால் காயும்போது வெடிக்கும், பாளம் பாளமாகக் கழன்று வரும், செலவும் எங்கேயோ போய்விடும்.

பலகையைப் பார்த்துத் தயங்க வேண்டாம். எதற்கு வேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்லி வாங்கியிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லி வாங்கிய பொருள் அந்த வேலைக்குப் பொருந்த வேண்டும் என்று 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 33வது பிரிவு சொல்கிறது, கடையில் மாட்டிய பலகை அந்த உரிமையை ரத்து செய்யாது. ரிசிட்டோடு இந்த வாரமே போங்கள், தள்ளிப்போட்டால் பேச்சு வலுவிழக்கும். சண்டை வேண்டாம். "இதை எடுத்துக்கொண்டு சிமெண்டும் மணலும் கொடுங்கள்" என்று கேளுங்கள், எப்படியும் அவர்களிடம்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் பெரும்பாலும் மாற்றித் தந்துவிடுவார்கள். ஒரு மூட்டையை மட்டும் வைத்துக்கொள்ளலாம், கடைசியில் உதவும்.

இனி வாங்க வேண்டியது. என் கருத்தில் புதிதாகப் பழகுகிறவர் முழு அறைக்கும் சேர்த்து வாங்கவே கூடாது, ஒரு சுவருக்கு மட்டும் வாங்க வேண்டும். பத்தடிக்குப் பத்தடி சுவர் என்றால் 50 கிலோ சிமெண்டு ஒரு மூட்டை, மணல் ஏறக்குறைய கால் டன், அவ்வளவுதான். லோரி லோடாக எடுத்தால் மலிவு என்பார்கள், மலிவுதான், ஆனால் சிமெண்டு மூட்டை நம் ஊர் ஈரக்காற்றில் மூன்று மாதத்தில் பலம் குறைந்து உருண்டை கட்டும். வாங்கும்போதே மூட்டையின் ஓரங்களை அமுக்கிப் பாருங்கள், கல் மாதிரி இருந்தால் வேறு கேளுங்கள். பூச்சுக்கென்றே வரும் மேசன்ரி சிமெண்டு கிடைத்தால் அதுவே நல்லது. கலவை குழைவாக இருக்கும், கைக்குப் பழக எளிது. அதற்குக் கலவை விகிதம் மூட்டையிலேயே போட்டிருக்கும், அதன்படி கலக்குங்கள். சாதாரண சிமெண்டு என்றால் ஒன்றுக்கு ஐந்து மணல்.

எல்லாரும் சிமெண்டின் பிராண்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள், பூச்சைக் கெடுப்பது பெரும்பாலும் மணல். கிந்தா பள்ளத்தாக்கில் ஆற்று மணலும் வரும், பழைய ஈயக்குட்டை மணலும் வரும், கழுவாதது என்றால் இரண்டிலும் களிமண் இருக்கும். கடைக் குவியலில் ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் தேயுங்கள். கையில் சேறு ஒட்டினால் சந்தேகம். வீட்டுக்குக் கொஞ்சம் கொண்டுவந்து கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணல் போட்டு, உப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, சில மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணல் அடியில் தங்கும், அதன் மேல் வண்டல் தனி அடுக்காகப் படியும். அந்த அடுக்கு மணல் உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த மணல் வேண்டாம். நல்ல மணலையும் சலித்துத்தான் கலக்க வேண்டும், சிறு கல் ஒன்று தேய்ப்புக் கட்டைக்கு அடியில் மாட்டினால் நீளமாகக் கோடு இழுத்துவிடும்.

சாமான் அதிகம் தேவையில்லை: கரண்டி, மரத் தேய்ப்புக் கட்டை, நேரான அலுமினியச் சட்டம், ரசமட்டம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், ஈர சிமெண்டு தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் விளையாட்டில்லை.

பிளக் பாயிண்ட் போட வேண்டிய இடமிருந்தால் பூசுவதற்கு முன்பே உரிமம் உள்ள வயர்மேனை வரச் சொல்லுங்கள். சுவரில் எங்காவது நீர்க்கசிவு இருந்தால் அதை முதலில் சரி செய்யுங்கள், பூச்சு அதை மறைக்கும், நிறுத்தாது. கான்கிரீட் தூணும் செங்கலும் சேரும் இடத்தில் கோழிக்கம்பி வலை அடித்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த இடத்தில் நேராக ஒரு வெடிப்பு வரும்.

ஃபிரிட்ஜோ அலமாரியோ மறைக்கப் போகிற சுவரில் தொடங்குங்கள். சுவரைத் துடைத்து நனையுங்கள், தண்ணீர் வழியாமல் இழுத்துக்கொண்ட ஈரமாக இருக்க வேண்டும். முதலில் மேலிருந்து கீழாக இரண்டு பட்டைகள் பூசி, ரசமட்டம் பிடித்து நேராக்கி, அவை கொஞ்சம் இறுகியதும் நடுவில் நிரப்பிச் சட்டத்தால் இழுங்கள். கலவை கெட்டித் தயிர் பதத்தில் இருக்கட்டும். ஐந்து லிட்டர் பெயிண்ட் டின்னில் ஒரு டின் சிமெண்டு, ஐந்து டின் மணல் என்று கொஞ்சமாகக் கலங்கள், அதுவே பதினைந்து சதுர அடிக்கு வரும். ஒரு மணி நேரத்தில் தீர்க்க முடிகிற அளவுதான் கலக்க வேண்டும், இறுகத் தொடங்கியதைத் தண்ணீர் விட்டு மறுபடி குழைத்தால் அதில் பலமே இருக்காது.

தேய்ப்பதற்கு அவசரப்படாதீர்கள். விரலால் அமுக்கினால் லேசாகப் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் ஒட்டக் கூடாது, அதுதான் நேரம். மறுநாளிலிருந்து ஏழு நாள் தெளித்துத் தெளித்து ஈரமாக வையுங்கள். வீட்டுக்காரருக்கு ஷிப்டு என்றால் அது உங்கள் கையில்தான் இருக்கிறது. ஸ்கிம் கோட், பெயிண்ட் எல்லாம் நான்கு வாரம் கழித்துத்தான், அப்போதும் சுண்ணக் காரத்தைத் தாங்கும் பிரைமர் முதலில்.

கேள்வி: நானும் அதே ஊர்தான். கண்ட்ராக்டர் ஒருவர் வரவேற்பறையைப் பூசி முழுப் பணமும் வாங்கிக்கொண்டார். இப்போது வெடிப்பு விட்டிருக்கிறது, தட்டினால் சில இடத்தில் பொத்பொத்தென்று கேட்கிறது. போனை எடுப்பதில்லை.

பதில்: மயிரிழை வெடிப்பு மட்டும் என்றால் காய்ந்த சுருக்கம், அடைத்துப் பெயிண்ட் அடிக்கலாம். பொத்பொத்தென்று கேட்கும் இடம் சுவரை விட்டுப் பிரிந்துவிட்டது, கொத்தி எடுத்து மறுபடி பூச வேண்டும். நாணயத்தால் சுவர் முழுக்கத் தட்டி அந்த இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிட்டுப் படம் எடுங்கள். வேறொரு கொத்தனாரிடம் சரி செய்யும் செலவை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் கண்ட்ராக்டருக்குத் தேதி குறித்து வாட்சாப்பில் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம், திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்பார்களே, அங்கே 1ஆம் எண் பாரத்தில் மனு போடலாம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் தேவையில்லை, பொதுவாக அனுமதிப்பதும் இல்லை. கண்ட்ராக்டரின் முழுப் பெயரும் முகவரியும் பாரத்தில் கேட்பார்கள், கையில் இல்லையென்றால் அதை இப்போதே தேடத் தொடங்குங்கள்.