பழைய ரிக்கம்பென்ட் சைக்கிள் வாங்கியவருக்கு: முதலில் கால் அளவு, அப்புறம் பழக்கம்

கேள்வி: சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் ரிக்கம்பென்ட் சைக்கிள் ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். கிளப்பவே தடுமாறுகிறது. கொஞ்ச தூரம் போனாலே முழங்கால் வலிக்கிறது. பழகிவிடுமா? சென்னைச் சாலைக்கு ஒத்துவருமா?

பதில்:

தடுமாற்றம் பழகப் பழகப் போய்விடும். முழங்கால் வலி அப்படிப் போகாது. அது பெரும்பாலும் வண்டியின் அளவில் உள்ள கோளாறு, அதைச் சரி செய்யாமல் பழக ஆரம்பிக்கவே கூடாது என்பதுதான் என் கருத்து.

சாதாரண சைக்கிளில் சீட்டை ஏற்றி இறக்கினால் கால் அளவு அமைந்துவிடும். ரிக்கம்பென்டில் சில மாடல்களில் சீட் முன்னும் பின்னும் நகரும். பல மாடல்களில் சீட் நகராது, பெடல் மாட்டியிருக்கும் முன்குழாயைத்தான் நகர்த்த வேண்டும். பூம் என்பார்கள். விற்றவர் அதைத் தன் கால் நீளத்துக்கு வைத்திருப்பார். அவர் உங்களைவிட உயரம் குறைந்தவர் என்றால், நீங்கள் இவ்வளவு நாளும் முழங்காலை மடக்கியே மிதித்திருக்கிறீர்கள். இந்த வண்டியில் முதுகுக்குப் பின்னால் சாய்மானம் இருப்பதால், உடல் எடையைவிட அதிக விசையோடு பெடலைத் தள்ள முடியும். அந்த விசை முழுவதும் மடங்கிய மூட்டின் மேல் விழுகிறது. வலிக்காமல் என்ன செய்யும்?

அளவு பார்ப்பது எளிது. வண்டியை யாராவது பிடித்துக்கொள்ளட்டும். ஓட்டும்போது போடுகிற அதே ஷூவோடு உட்கார்ந்து, இடுப்பைச் சீட்டின் மூலையில் நன்றாக ஒட்டிக்கொள்ளுங்கள். பெடல் உங்களிடமிருந்து மிகத் தள்ளி இருக்கும் நிலையில் குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்காலில் லேசான மடிப்பு தானாக வந்துவிடும். மிதிக்கையில் இடுப்பு இடமும் வலமும் ஆடினாலோ, முழங்காலின் பின்பக்கம் இழுத்தாலோ பூம் அதிகம் நீண்டுவிட்டது என்று அர்த்தம். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் அது குட்டை. பழைய இடத்தை பென்சிலால் குறித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் அரை சென்டிமீட்டர் மட்டும் நகர்த்திப் பாருங்கள். குழாயில் உள்ள எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே இழுக்காதீர்கள். போல்ட்டை முறுக்கும் முன் பெடல் அச்சு தரைக்குக் கிடைமட்டமாக இருக்கிறதா என்றும் பாருங்கள், தளர்த்தியபோது குழாய் லேசாகத் திரும்பியிருக்கும்.

இங்கே பலர் விட்டுவிடுகிற விஷயம் செயின். பூமை 1 சென்டிமீட்டர் வெளியே இழுத்தால், மேலும் கீழும் சேர்த்து செயினுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் கூடுதலாக வேண்டும். முன்னாலும் பின்னாலும் பெரிய பல்சக்கரத்தில் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். கியரை மாற்றும் கருவி விறைப்பாக இழுபட்டால் செயினில் கண்ணி சேர்த்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஓடும்போது அந்தக் கருவியே பிய்ந்து வரலாம். பூமை உள்ளே தள்ளியிருந்தால் சின்னப் பல்சக்கரங்களில் போட்டு, செயின் தொங்குகிறதா என்று பாருங்கள். சீட்டுக்கு அடியில் செயினைத் தாங்கும் உருளையும் பழைய வண்டிகளில் தேய்ந்திருக்கும். கரகரவென்று சத்தம் வந்தால் அதை மாற்றிவிடுங்கள்.

சரி, இப்போது கிளப்புவது. சீட்டின் சாய்வை மாற்ற முடியும் என்றால் முதலில் நிமிர்த்தி வையுங்கள். குறைந்த கியர். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு பெடலை மேல்நிலைக்குச் சற்று முன்பாகக் கொண்டுவந்து, பிரேக்கை விட்டதும் தயங்காமல் ஒரே தள்ளு. வேகம் வந்தால்தான் வண்டி சாயாமல் நிற்கும். மெதுவாகக் கிளம்பலாம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். கண் முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, பதினைந்து மீட்டர் தள்ளி இருக்கட்டும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு மிதிக்கும் வண்டி பாம்பாக வளையும். உடலைத் தாங்கச் சீட் இருக்கிறது, கைக்கு அங்கே வேலையே இல்லை. தோளைத் தளர்த்திவிட்டு விரல்களால் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். முன்சக்கரம் பெடலுக்கு அடியில் வரும் வகை என்றால், குறுகிய திருப்பத்தில் குதிகால் டயரில் உரசும். அந்த நேரம் மிதிக்காமல் உருளவிட்டுத் திருப்புங்கள்.

எழுந்து நின்று மிதிக்க முடியாத வண்டி இது. சிக்னலில் நிற்பதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், பாலம் ஏறும்போதும் அப்படியே. நல்ல வேளையாக சென்னை தட்டையான ஊர், மேம்பாலங்களை விட்டால் ஏற்றம் என்று பெரிதாக இல்லை. வேகத்தடைதான் தொல்லை. பின்பக்கத்தை உயர்த்தி அதிர்ச்சியைத் தவிர்க்க முடியாது, வேகத்தைக் குறைத்து, முதுகைச் சாய்மானத்திலிருந்து லேசாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உதிரிபாகம் கிடைக்காது என்று யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். இந்த வண்டி அரிதானதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1933இல் பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர் என்பவர், சார்ல் மோஷே வடிவமைத்த ரிக்கம்பென்டில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டி, 1914 முதல் இருந்த சாதனையை முறியடித்தார். அடுத்த ஆண்டே சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பு இந்த வடிவத்தைப் பந்தயங்களிலிருந்து விலக்கிவிட்டது. பந்தயத்தில் இல்லாத வண்டியைப் பெரிய அளவில் தயாரிக்க ஆர்வம் குறைந்தது. ஆனாலும் பெரும்பாலான பாகங்கள் சாதாரண கியர் சைக்கிளுடையவைதான். 20 இஞ்ச் முன்சக்கரம் என்றால் டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள். 406 என்று முடிந்தால் பிஎம்எக்ஸ் டயர் பொருந்தும், பாரிமுனைக் கடைகளிலேயே தேடலாம். 451 என்றால் அது வேறு ரிம், 20 இஞ்ச் என்று மட்டும் சொல்லி வாங்கிவிடாதீர்கள். கடற்காற்றில் இவ்வளவு நீளச் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். துடைத்து எண்ணெய் போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சாலை விஷயத்தில் நேராகச் சொல்கிறேன். மாலை நேர அண்ணா சாலைக்கு இதைக் கொண்டுபோகாதீர்கள், எவ்வளவு பழகினாலும். பஸ்ஸின் பக்கத்தில் தாழ்வாக இருக்கும் வண்டியை டிரைவர் பார்ப்பார் என்று நம்பி உயிரை வைக்க முடியாது. விடிந்ததும் பெசன்ட் நகர் பக்கம் நேரான, ஆள் குறைந்த தெருக்களில் பழகுங்கள். இரண்டு பக்கமும் கண்ணாடி மாட்டுங்கள், சாய்ந்த நிலையில் திரும்பிப் பார்ப்பது கடினம். பின்னால் உயரமான கொடி ஒன்று, பகலிலும் எரியும் விளக்கு. முகம் வானத்தைப் பார்த்திருப்பதால் விளிம்பு வைத்த தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். ஈசிஆர் பயணம் அதற்கு அப்புறம். சாய்ந்து மிதிக்க வேறு தசைகள் வேலை செய்கின்றன, அவை வலுப்பெறச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை லேசான கியரில் வேகமாகச் சுற்றுங்கள், தொடையில் அசதி வந்தால் கவலைப்பட வேண்டாம். மூட்டில் வலி வந்தால் அன்றைக்கு ஓட்டுவதை நிறுத்திவிட்டு, பூமை மறுபடி அளந்து பாருங்கள்.